லே விசித்தேரா, பிளாக் நைட்டா?

லீவுக்கு உப்புவெளி வீட்டில் எல்லோரும் கூடினால், இரவுக்கு என்ன படம் என்பதிலேயே சண்டை. இரண்டுமே காலம் தாண்டும் பகிடிதான்.

கதை: 'லே விசித்தேர்' (1993) படத்தில் 12ஆம் நூற்றாண்டு வீரனும் வேலைக்காரனும் 1992 பிரான்சில் வந்து விழுகிறார்கள். தபால் வானைப் பேயென்று நினைத்து அடித்து நொறுக்கும்போது சிரித்தே வயிறு நோகும். இவர்களை மான்கள் திரியும் திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டையில் இறக்கிவிட்டால் அந்த மான்களின் கதி என்னவோ!
'பிளாக் நைட்' (2001): தீம் பார்க் தொழிலாளி 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் போகிறார். அவராக நடிக்கும் மார்ட்டின் லாரன்ஸின் வாய்தான் படம், மற்றதெல்லாம் சுமார்.

மொழி: முன்னது பிரெஞ்சு, சப்டைட்டில் வேண்டும். பின்னது ஆங்கிலம்.

அம்மம்மாவும் இருந்தால் முதலாவது. வாசிக்காமலே பாதி விளங்கும். பெடியள் மட்டும் என்றால் பிளாக் நைட் சரி.