கடலூரில் அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா? ஆறாம் வகுப்புக்கு முன்பே யோசியுங்கள்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் பெற்றோர் பள்ளி தேடி அலைகிற அலைச்சலைப் பார்த்தால் மனது கேட்கவில்லை. பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போதே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டிய விஷயம் இது.

காரணம் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் மருத்துவப் படிப்பிலும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளிலும் இது வந்தது. இதில் இடம் பிடித்தால் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. எட்டாம் வகுப்பு வரை தனியாரில் காசு கட்டிப் படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு வந்தால் இது கிடைக்காது. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியாரில் எட்டாம் வகுப்பு வரை இலவசமாகப் படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியும் இந்தக் கணக்கில் சேராது. நகரில் பழைய, நல்ல பெயருள்ள உதவி பெறும் பள்ளிகள் இருப்பதால் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மெட்ரிக் பள்ளியின் பாடம் உசத்தி என்ற நினைப்பை விட்டுவிடலாம். சமச்சீர்க் கல்வி வந்த பிறகு இரண்டு இடத்திலும் ஒரே பாடநூல்தான். ஆங்கில வழிப் பிரிவும் பல அரசுப் பள்ளிகளில் இருக்கிறது.

அப்படியென்றால் தனியாருக்குக் கொடுக்கும் பணம் எதற்கு? கண்காணிப்புக்கு. தினமும் தேர்வு, பிள்ளை வரவில்லையென்றால் அன்றே தொலைபேசி அழைப்பு. மழைக்கால விடுமுறைகளை நினைத்துப் பாருங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை பெருகி ஊரே முடங்கியது. அப்படி இழந்த நாள்களைச் சனிக்கிழமை வகுப்பு வைத்து ஈடுகட்டுவதில் தனியார் பள்ளிகள் கெட்டி. வீட்டில் படிப்பைக் கவனிக்க ஆளில்லாத பிள்ளைக்கு இது பெரிய துணை, மறுக்கவே மாட்டேன்.

ஆனால் அதே கண்டிப்புக்கு இன்னொரு முகம் உண்டு. ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடம், பதினொன்றிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் என்று நடத்தும் பள்ளிகள் உண்டு. பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை என்றான பிறகு இந்த ஆசை கூடத்தான் செய்யும். நீட் எழுதப்போகும் பிள்ளைக்குப் பதினோராம் வகுப்பு இயற்பியல் போனால் அடித்தளமே போய்விடும். சேர்க்கைக்குப் போகும்போது அங்கே படிக்கும் ஒரு பதினோராம் வகுப்புப் பிள்ளையின் இயற்பியல் நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். விசைப்படங்கள் பிள்ளையின் கைப்பட, அடித்துத் திருத்தி இருக்கிறதா? அல்லது பன்னிரண்டாம் வகுப்பின் நிலைமின்னியல் விடைகள் அச்செடுத்து ஒட்டியிருக்கிறதா? நோட்டு பொய் சொல்லாது.

அரசுப் பள்ளியில் கேட்க வேண்டியது வேறு. கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, பணியிடம் காலியாகக் கிடக்கிறதா என்று தலைமையாசிரியரிடமே கேளுங்கள். போட்டித் தேர்வில் தேறி வந்த முதுகலை ஆசிரியர் இருந்தால் அவருக்கு ஈடாக ஒருவரைக் குறைந்த சம்பளம் தரும் தனியார் பள்ளி தக்கவைப்பது கடினம். அந்த இடம் காலி என்றால் ஒதுக்கீட்டை நம்பி மட்டும் சேர்க்காதீர்கள். கணிதம் தெரியாத பிள்ளை ஒதுக்கீட்டில் இடம் பிடித்தாலும் பொறியியல் முதலாண்டில் திணறும்.

பெண் பிள்ளையென்றால் இன்னொரு கணக்கும் உண்டு: அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை.

என் முடிவு இது: ஆசிரியர்கள் நிரம்பிய அரசுப் பள்ளி பக்கத்தில் இருந்தால் ஆறாம் வகுப்பிலேயே சேர்த்துவிடுங்கள், மிச்சமாகும் வேன் கட்டணத்தில் மாலைப் பயிற்சி வைக்கலாம். அப்படியொரு பள்ளி இல்லாத ஊர்க்காரர்கள் தனியாருக்குப் போகலாம். அரசுக் குழு நிர்ணயித்த கட்டண விவரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, கட்டுகிற ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்குங்கள்.