550 வாட் பிரொன்ஸா, 750 வாட் கோல்டா: கொழும்பு வீடுகளுக்கு ஏற்ற பவர் சப்ளை

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் உதிரிப்பாகங்களை வாங்கித் தாமே கணினி பொருத்துபவர்கள், புரொசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் பற்றி நாட்கணக்கில் யோசித்துவிட்டு, சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றவாறு மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளையை மட்டும் மிஞ்சிய பணத்துக்குள் அடக்கப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் முன் வருபவை மூன்று: கேசிங்கோடு சேர்ந்தே வரும் பெயர் தெரியாத 450 வாட் பெட்டி, தரமான நிறுவனத்தின் 550 வாட் பிரொன்ஸ், 750 வாட் கோல்ட். பிரொன்ஸ், கோல்ட் என்பவை மின்சாரத்தை வீணாக்காமல் மாற்றும் திறனுக்கான தரப் பெயர்கள்; கோல்ட் மேலானது.

முதலாவதை நிராகரிக்க அதன் லேபிளே போதும். 12 வோல்ட் கட்டத்தின் கீழ் 20 ஆம்பியர் என்றிருந்தால், புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் நம்பியிருக்கும் அந்த வழியில் கிடைப்பது 240 வாட்தான். பின்புறத்தில் 115, 230 என்று மாற்றும் சிவப்பு விசையும் இருந்து, அது தவறுதலாக 115இல் கிடந்தால், நமது 230 வோல்ட் மின்சாரத்தில் போட்டவுடனேயே பெட்டி வெடித்துப்போகும்.

கோல்டுக்கு முதலில் சொல்லப்படும் நியாயம் மின்கட்டணச் சேமிப்பு. அந்தத் தரப் பெயர்களை வழங்கும் 80 பிளஸ் திட்டத்தின் 230 வோல்டுக்கான தரநிலையின்படி, அரைச் சுமையில் பிரொன்ஸ் 88 சதவீதத்தையும் கோல்ட் 92 சதவீதத்தையும் எட்டவேண்டும். அந்த வீதங்களில், 300 வாட் கேட்கும் கணினிக்குச் சுவரிலிருந்து முறையே 341, 326 வாட் செல்லும். நாளுக்கு ஐந்து மணித்தியாலம் இதே சுமையில் ஓடினாலும் மாத வித்தியாசம் ஏறத்தாழ இரண்டேகால் யூனிட். இதற்காக யாரும் கூடுதல் விலை கொடுக்கவேண்டியதில்லை. மேலும், அந்தச் சோதனை 23 பாகை செல்சியசை ஒட்டிய அறையில் செய்யப்படுவது. குளிரூட்டி இல்லாத வெள்ளவத்தை மாடிவீட்டில் பிற்பகல் 30 பாகையைத் தாண்டிவிடும். ஆகவே பதக்கத்தின் நிறத்தைவிட, 105 பாகை தாங்கும் கொள்ளளவிகளும் (கெப்பாசிட்டர்) நீண்ட உத்தரவாதமும் இருக்கின்றனவா என்று பார்ப்பதே பயன் தரும். அவை கோல்ட் வகைகளில்தான் அதிகம் கிடைக்கின்றன என்பது உண்மை. நல்ல பிரொன்ஸிலும் கிடைக்காமல் இல்லை.

மின்வெட்டுக்குப் பழகிய ஊரில் யூ.பி.எஸ்ஸையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். மின்சாரம் போய் பேட்டரி கைகொடுக்கும் வரையுள்ள சில மில்லி செக்கன்களைப் பவர் சப்ளை தன் சேமிப்பிலிருந்தே சமாளிக்கவேண்டும்; கணினிப் பவர் சப்ளைகளுக்கான ஏ.டி.எக்ஸ் 3.1 வழிகாட்டி இதற்கு 80 சதவீதச் சுமையில் 17 மில்லி செக்கனைக் குறிக்கிறது. சுமை குறையக் குறைய இந்த அவகாசம் கூடும் என்பதால், 750 வாட் பெட்டியை 300 வாட்டில் ஓட்டுபவருக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. ஆனால் மலிவான 650 வி.ஏ. யூ.பி.எஸ் பெரும்பாலும் 360 வாட் அளவில்தான் தாங்கும். அதற்கு மேல் இழுக்கும் கணினிக்கு எந்தப் பவர் சப்ளையும் உதவாது.

எனவே 115 வாட் கேட்கும் ஆர்.டி.எக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டை ரைசன் 5 7600 புரொசசருடன் பொருத்துபவருக்கு, விளையாட்டின்போதும் மொத்தச் சுமை 300 வாட்டுக்குள் அடங்கிவிடும் என்பதால், நான் பிரொன்ஸையே சொல்வேன். மிஞ்சும் பணம் யூ.பி.எஸ்ஸுக்குப் போகட்டும். 285 வாட் கேட்கும் ஆர்.டி.எக்ஸ் 4070 டி.ஐ. போன்றவற்றுக்கு, கணநேரத்தில் பன்மடங்காக எகிறும் சுமையையும் கருதி, ஏ.டி.எக்ஸ் 3.1 ஆதரவுள்ள 750 வாட் கோல்ட்தான் பொருத்தம். கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய வகையை எடுப்பவர்கள் பழைய பெட்டியின் கேபிளை அதில் செருகிவிடக்கூடாது: பவர் சப்ளைப் பக்கத்துப் பின்களின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், செருகி சரியாகப் பொருந்தினாலும் ஹார்ட் டிஸ்க் கருகிப்போகக்கூடும்.