நிலாவெளியில் ‘தனிப் படகு’ என்று காசு வாங்கிவிட்டுப் புறாத்தீவில் விட்டுப் போகிறார்கள்: பிள்ளைகளோடு போகிறவர்கள் கவனம்

திருகோணமலைப் பக்கத்து நிலாவெளியிலிருந்து முருகைக்கல்லும் (பவளப்பாறை) மீனும் பார்க்கப் புறாத்தீவுக்குப் போன ஒரு குடும்பம்: நான்கு பெரியவர்கள், மூன்று பிள்ளைகள். “உங்களுக்கு மட்டும் தனிப் படகு, விடிய 7 மணிக்கு வெளிக்கிடலாம், 12 மணி வரை தீவில் நிற்கலாம், மாஸ்க் (தண்ணீருக்குள் பார்க்கும் கண்ணாடி), லைஃப் ஜக்கெட் எல்லாம் எங்கட செலவு” என்று சொல்லி, வழக்கமான படகுக் கூலியின் இரண்டு மடங்குக்கு மேல் இந்தக் குடும்பத்திடம் வாங்கியிருக்கிறார்கள். படகு வந்தது 9.20க்கு. அதில் ஏற்கெனவே வேறு இரண்டு பேர் இருந்தார்கள். குடும்பத்தின் ஏழு பேருக்கும் கொடுத்தது ஐந்து லைஃப் ஜக்கெட், பிள்ளைகளின் அளவில் ஒன்றுகூட இல்லை. தீவில் இறக்கிய கையோடு படகு அடுத்த ஆட்களை ஏற்றக் கரைக்குத் திரும்பிவிட்டது. பத்தரை மணியளவில் கடைசிப் பிள்ளை உடைந்த முருகைக்கல்லில் பாதத்தை ஆழமாக வெட்டிக்கொண்டது. ஓட்டி தொலைபேசியை எடுக்கவில்லை. துவாயால் காலைச் சுற்றிக் கட்டியபடி முக்கால் மணி நேரம் மணலில் இருந்து, கடைசியில் வேறொருவரின் படகில் கெஞ்சி ஏறி வந்திருக்கிறார்கள். கரைக்கு வந்த பிறகு “மாஸ்க் வாடகை தனி” என்று மேலதிகமாகக் காசும் கேட்கப்பட்டது.

இது பருவத்துக்குப் பருவம் நடக்கிறது. ஏன் நடக்கிறது என்பது விளங்கினால் எங்கே பிடிக்க வேண்டும் என்பதும் விளங்கும். நிலாவெளிக் கரையிலிருந்து தீவு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர்தான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விடலாம். ஆகவே ஒரு படகு காலைப் பொழுதில் நான்கைந்து தடவை ஆட்களை ஏற்றி இறக்க முடியும். உங்களுக்காக மூன்று நான்கு மணி நேரம் சும்மா நிற்பது ஓட்டிக்கு நட்டம். அந்த நட்டத்துக்குத்தான் நீங்கள் கூடுதல் காசு கொடுக்கிறீர்கள். படகு நிற்காவிட்டால் நீங்கள் வாங்கியது சாதாரணப் பயணம், கொடுத்தது தனிப் படகின் விலை. “வேறு ஆட்களை ஏற்ற மாட்டோம்” என்ற வாக்குறுதி மட்டும் போதாது. “நாங்கள் தீவில் இருக்கும் வரை படகும் ஓட்டியும் அங்கேயே நிற்க வேண்டும்” என்று கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள். இல்லையென்றால் சாதாரணக் கூலிக்கே பேசிப் போங்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை, நீந்தத் தெரிந்த பெரியவர்களுக்கு அது போதும்.

அடுத்தது அனுமதிச் சீட்டு. புறாத்தீவு 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசியப் பூங்காவானது. உள்ளே போக வனஜீவராசிகள் திணைக்களத்தின் சீட்டு வேண்டும். அது படகுக் கூலியில் சேர்ந்ததல்ல. தலைக்கு ஒரு கட்டணம், குழுவுக்கு ஒரு சேவைக் கட்டணம், அதற்கு மேல் வரி என்று போகும். உள்நாட்டவருக்குச் சிறு தொகை, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்குப் பல மடங்கு. இங்கேதான் கனடா, லண்டனிலிருந்து வரும் நம்முடைய குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. தாத்தா, பாட்டியிடம் தேசிய அடையாள அட்டை இருக்கும், பேரப்பிள்ளைகளிடம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு. “எல்லாம் சேர்த்து இவ்வளவு” என்று மொத்தமாகச் சொல்லும்போது எல்லோருக்கும் வெளிநாட்டுக் கட்டணம் போட்டுவிடுகிறார்கள். சீட்டை நீங்களே கருமபீடத்தில் நின்று வாங்குங்கள், எத்தனை பேருக்கு எந்த வகைக் கட்டணம் என்று பற்றுச்சீட்டில் எண்ணிப் பாருங்கள். அடையாள அட்டையை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். “சீட்டு வேண்டாம், அதே முருகையை வேறு இடத்தில் காட்டுகிறேன்” என்று சொல்பவரோடு ஏற வேண்டாம். அவர் பூங்கா எல்லைக்கு வெளியே ஏதாவது பாறைத் திட்டுக்குப் பக்கத்தில் நிறுத்துவார். அங்கே ஒதுங்க மணற்கரை இருக்காது. பிள்ளைகள் படகின் விளிம்பிலிருந்து ஆழத்தில் குதிக்க வேண்டியிருக்கும்.

லைஃப் ஜக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உயிர் போகும் இடம் அதுதான். படகில் ஏறும் முன், கரையில் வைத்தே எல்லாவற்றையும் மணலில் பரப்பச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒன்று இருக்கிறதா என்று எண்ணுங்கள். உள்பக்கத் துணியில் எத்தனை கிலோ எடையுள்ளவருக்கானது என்று அச்சிட்டிருக்கும். 20 கிலோப் பிள்ளைக்குப் பெரியவரின் ஜக்கெட்டைப் போட்டு வாரை இறுக்கினால் பார்வைக்குச் சரிபோலத் தெரியும், தண்ணீரில் விழுந்தால் ஜக்கெட் மேலே மிதக்கப் பிள்ளை கீழே நழுவும். சோதிப்பது எளிது. ஜக்கெட்டைப் போட்டுக் கொக்கிகளை மாட்டிய பிறகு, தோள்பட்டைகளில் இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுங்கள். காதுவரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்கு ஆகாது. சிறு பிள்ளைகளுக்குக் கால்களுக்கிடையே போகும் வார் கட்டாயம் வேண்டும். உள்ளேயிருக்கும் நுரையை விரலால் அமுக்கிப் பாருங்கள். அமுங்கிய பள்ளம் அப்படியே நின்றால், அல்லது நேற்றைய தண்ணீரில் கனத்துப்போய் இருந்தால், அது செத்துப்போன ஜக்கெட். வெயிலில் வெளிறி, தையல் பிரிந்து, கொக்கி ஒன்று உடைந்து கயிற்றால் முடிந்திருப்பவை நிலாவெளிக் கரையில் நிறையக் கிடக்கின்றன.

நல்ல ஜக்கெட் கிடைத்தாலும் ஒரு சிக்கல் உண்டு. நெஞ்சில் தடித்த நுரையுள்ள ஜக்கெட் ஆளை மல்லாக்கத் திருப்பவே செய்யப்பட்டது. அதைப் போட்டுக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மீன் பார்க்கப் பிள்ளை படாத பாடுபடும். ஐந்து நிமிடத்தில் எரிச்சல்பட்டுக் கழற்றிவிடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. படகுக்கு ஒரு ஜக்கெட், தண்ணீருக்குள் மெல்லிய ஸ்நோர்க்லிங் மிதவை அங்கி என்று இரண்டும் இருப்பது நல்லது. இல்லையென்றால் ஒரு மிதவை வளையத்தைப் பிள்ளை பிடிக்க, அதன் கயிற்றைப் பெரியவர் ஒருவர் கையில் வைத்திருக்க வேண்டும். கயிறில்லாத காற்றடைத்த வளையம், மெத்தை ஒன்றையும் கொண்டுபோகாதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் (தென்மேற்குக் காற்று) கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். தண்ணீர் அமைதியாகத் தெரிவதே அதனால்தான். அதே காற்று வளையத்தைப் பிள்ளையோடு வெளிக்கடலுக்குத் தள்ளும், நீந்திப் பிடிப்பது கடினம்.

மாஸ்க் முடிந்தால் உங்களுடையதைக் கொண்டுபோங்கள். வாடகைக்குக் கிடைப்பவற்றில் பல கடினமான பிளாஸ்ரிக் விளிம்பு கொண்டவை, முகத்தில் படியாது. சிலிக்கன் விளிம்பு என்றால் விரலுக்கு மென்மையாக வளைந்து கொடுக்கும். வாரைப் போடாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை உள்ளே இழுத்துக் கையை விடுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் சரி. தண்ணீர் உள்ளே வருவதற்குப் பெரும்பாலும் காரணம், விளிம்புக்குள் அகப்பட்ட தலைமயிர், மீசை, அல்லது அளவுக்கு மிஞ்சி இறுக்கிய வார். பெரியவரின் மாஸ்க் பிள்ளையின் முகத்தில் கன்னத்தோரம் எப்போதும் ஒழுகும். மூச்சுக்குழாயும் (ஸ்நோர்க்கல்) அப்படித்தான். நீண்ட, பருத்த குழாயில் பிள்ளை விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும், கொஞ்ச நேரத்தில் தலையிடிக்கும். முகம் முழுவதையும் மூடும் மாஸ்க்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். பதறும்போது அதைச் சட்டென்று கழற்ற முடியாது. வாய்க்குள் வைக்கும் ரப்பரில் கடித்த தழும்பும் வெடிப்பும் இருக்கிறதா பாருங்கள், அதனூடாக ஒவ்வொரு மூச்சிலும் உப்புத்தண்ணீர் வரும்.

படகைப் பொறுத்தவரை, ஓடுபவை பெரும்பாலும் ஃபைபர் மீன்பிடி வள்ளங்கள்தான், அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. துடுப்பு ஒன்று, நங்கூரம், நீளமான கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு வாளி இருக்க வேண்டும். ஓட்டி எஞ்சினின் சிவப்புச் சுருள் கயிற்றைக் கையில் மாட்டியிருக்கிறாரா என்று கவனியுங்கள். அவர் தடுக்கி விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது அந்தக் கயிறுதான். பலர் அதை எஞ்சினிலேயே சுற்றி விட்டிருப்பார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் எஞ்சின் முழுதாக நிற்க வேண்டும். “நியூட்ரலில்தான் கிடக்கு” என்ற பதிலை ஏற்க வேண்டாம், ஒரு கைபட்டால் விசிறி சுழலும். பல எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. அந்தப் புகை பின்பக்கம் இருப்பவர்களைத்தான் முதலில் குமட்டும். படகின் முன்பக்கத்தில் அலை தூக்கிப் போடும். பிள்ளைகளுக்கு நடுப் பலகை.

டொல்பின், திமிங்கிலம், புறாத்தீவு மூன்றையும் ஒரே காலையில் காட்டுவதாக விற்கும் பயணத்தைக் குடும்பங்களுக்கு நாங்கள் ஒருபோதும் சொல்வதில்லை. திமிங்கிலம் பார்க்கக் கடலுக்குள் வெகுதூரம் போக வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் அலையில் ஆடி, சத்தியெடுத்துக் களைத்த பிள்ளையைப் பதினொரு மணி வெயிலில் தீவில் இறக்குவார்கள். அந்த நேரத்தில் சனக்கூட்டம் மணலைக் கலக்கியிருக்கும், தண்ணீர் மங்கியிருக்கும், பிற்பகல் காற்றும் கிளம்பத் தொடங்கும். தீவுக்குப் போக நல்ல நேரம் காலை 7 முதல் 10 வரை. வெளிக்கிடுவது 9 மணியைத் தாண்டினால் விலையைக் குறைக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, முன்கூட்டியே அப்படிப் பேசியிருந்தால். நவம்பர், டிசெம்பர், ஜனவரி மாதங்களில் வாடைக்காற்றுக் காலத்தில் “கடல் நல்லாத்தான் இருக்கு” என்று முற்பணம் கேட்பவருக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள். அந்த மாதங்களில் கிழக்குக் கடல் குடும்பத்தோடு போகிற கடல் அல்ல.

“சுறா கட்டாயம் காட்டுவேன்” என்பதும் விற்பனைப் பேச்சு. இங்கே ஆழமற்ற தண்ணீரில் திரிபவை கருமுனைச் சுறாக்கள், துடுப்பு நுனியில் கறுப்பு மை தொட்டதுபோல இருக்கும், ஆளைக் கண்டால் விலகிப் போகும். அவற்றை வரவைக்கப் பாண்துண்டு, மீன்துண்டு போடும் ஓட்டியோடு தண்ணீருக்குள் இறங்க வேண்டாம். பிள்ளையைத் தூக்கி முருகையின் மேல் நிற்க வைத்துப் படமெடுப்பவரையும் தடுங்கள். மான்கொம்புபோலக் கிளைத்த முருகை நன்றாக வளர்ந்தாலும் ஆண்டுக்குப் பத்துச் சென்ரிமீற்றர் அளவுதான். ஒரு மிதியில் பல ஆண்டு வளர்ச்சி போய்விடும், காலும் கிழியும். தீவின் கரையே உடைந்த முருகைத் துண்டுகளால் ஆனது, ஆகவே இறுக்கமான ரப்பர் அடிச் சப்பாத்து எல்லோருக்கும் வேண்டும். வெட்டுப்பட்டால் சுத்தமான குடிதண்ணீரை நிறைய ஊற்றி உள்ளேயுள்ள துணிக்கைகளைக் கழுவுங்கள், அவை தங்கினால் புண் கிழமைக்கணக்கில் ஆறாது. கறுப்பு முள்ளுருண்டை (கடல் முள்ளெலி) குத்தினால் தாங்கக்கூடிய சூட்டு நீரில் காலை அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டும். அதற்காக ஒரு சுடுநீர்ப் போத்தல் கொண்டுபோங்கள். தீவில் கடை கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், முழுக்கைச் சட்டை, தொப்பி.

பேரம் முடிந்ததும் வாய்ப்பேச்சோடு விடாமல் வட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி அனுப்பி, “ஓம்” என்று பதில் வாங்குங்கள்:

“அண்ணை, நாளைக்குக் காலை 7 மணிக்கு நாங்கள் பெரியவர் 4, பிள்ளைகள் 3 (20, 26, 35 கிலோ). படகில் வேறு ஆட்கள் இல்லை. 11 மணி வரை படகும் ஓட்டியும் தீவில் நிற்கும். 7 லைஃப் ஜக்கெட், 7 மாஸ்க் கூலியில் அடக்கம். பூங்காச் சீட்டு நாங்களே வாங்குவோம். மொத்தம் இவ்வளவு ரூபாய், படகு முழுவதுக்கும், தலைக்கு அல்ல. இப்போது மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் திரும்பிக் கரையில் இறங்கியதும். கடல் சரியில்லை என்றால் முற்பணம் திரும்ப வேண்டும்.”

“தலைக்கு அல்ல” என்ற சொல்லை விடாதீர்கள். கரைக்குத் திரும்பியதும் எழும் சண்டைகளில் பாதி அந்த ஒரு சொல்லில்தான். ஏறும் முன் படகின் முன்பக்கத்தில் எழுதியிருக்கும் பதிவு இலக்கத்தை, ஓட்டியும் தெரியும்படி, ஒரு படம் எடுங்கள். இடையில் யாராவது ஏற வந்தால் படகு கரையில் நிற்கும்போதே மறுத்துவிடுங்கள், நடுக்கடலில் நியாயம் பேச முடியாது. தீவில் பூங்கா அதிகாரிகள் நிற்பார்கள். படகு சொல்லாமல் போய்விட்டால் உடனே அவர்களிடம் சொல்லுங்கள், வேறு படகு பிடித்துத் தருவது அவர்களுக்கு எளிது. காயம் பெரிதென்றால் கரைக்கு வந்து சேர்வதற்குள் 1990க்கு அழைத்துவிடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஏமாற்று, மிரட்டல் என்றால் பொலிஸ் 119, சுற்றுலா அதிகாரசபை 1912. அழைக்கும்போது அந்தச் செய்தியும் படகின் படமும் கையில் இருக்கட்டும்.