‘பிழை இல்லை’ என்று வந்தால் நம்பலாமா? ஃபிளாப்பி படிக்கும் மூன்று வழிகள்

பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் ஃபிளாப்பிகளை இமேஜ் கோப்பாக (டிஸ்க் முழுவதன் நகல்) மாற்றி வைக்க இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது எந்தக் கருவி வாங்கலாம் என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: தப்பாகப் படித்துவிட்டால், அது தப்பு என்று எனக்கு யார் சொல்வார்கள்? இந்த ஒரு கேள்வியை வைத்தே மூன்று வழிகளையும் ஒப்பிடுகிறேன்.

யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவும், பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளும் சேர்ந்ததுதான் எளிய வழி. பிசி ஃபார்மட் டிஸ்க்கில் ஒவ்வொரு செக்டரின் (தரவை எழுதும் சிறு துண்டு) தலைப்புக்கும் தரவுக்கும் தனித்தனியாக 16 பிட் சிஆர்சி, அதாவது பிழையைக் காட்டிக்கொடுக்கும் சோதனை எண், உண்டு. அது நல்ல காவல்காரன். அடுத்தடுத்த 16 பிட்டுக்குள் அடங்கும் சேதம் எதுவும் அதைத் தாண்டாது, தாறுமாறாகச் சிதைந்த செக்டர் தப்பிப்பதும் ஏறக்குறைய 65,536-ல் ஒரு தடவைதான். படிக்க முடியாத இடங்களை டிடிரெஸ்க்யூ ஒரு மேப் கோப்பில் குறித்தும் வைக்கும். குறை எங்கே என்றால், முதல் சுற்றிலேயே சுத்தமாக வந்த செக்டரும், டிரைவ் உள்ளுக்குள் பலமுறை தடுமாறி ஒருவழியாகப் படித்த செக்டரும் நமக்கு ஒரே மாதிரிதான் தெரியும். சாகக் கிடக்கிற டிஸ்க் எது என்று முன்கூட்டியே தெரியாது. அமிகா, கமடோர் போன்ற பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களின் டிஸ்க் என்றால் இந்த டிரைவ் உதவவே உதவாது.

இரண்டாவது, அந்தக் காலத்து டிரைவையே வைத்துப் படிப்பது. கமடோர் 1541 டிரைவை ஜூம்ஃபிளாப்பி என்ற யூஎஸ்பி இணைப்பான் வழியாக இன்றைய கம்ப்யூட்டரில் இணைக்கலாம். எனக்குப் பிடித்த டிரைவ்தான், ஆனால் பிழை கண்டுபிடிப்பில் இங்கேதான் ரொம்ப கவனம் வேண்டும். 256 பைட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பைட் செக்சம் (சோதனை எண்), அதுவும் வெறும் எக்ஸ்ஆர், அதாவது பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் 1, ஒத்துப்போகும் இடத்தில் 0 போடும் கணக்கு. பக்கத்து பக்கத்து பைட்டுகள் 65, 80 என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்ஆர் செய்தால் 17. இரண்டிலும் ஒரே பிட் புரண்டு 67, 82 ஆகிவிட்டால்? அப்போதும் 17தான். இரண்டு எழுத்து மாறிப்போயிருக்கும், டிரைவ் ஒன்றுமே சொல்லாது. அமிகாவின் செக்சம் 32 பிட் என்றாலும் அதுவும் எக்ஸ்ஆர்தான், இதே ஓட்டை அங்கேயும் உண்டு.

கமடோர் டிஸ்க்கின் இமேஜான டி64 கோப்பில் இன்னொரு விஷயம். 683 பிளாக் (256 பைட் செக்டர்) கொண்ட சாதாரண இமேஜ் 174,848 பைட், பிழைத் தகவலையும் சேர்த்தால் பிளாக்குக்கு ஒரு பைட் கூடி 175,531. அந்த 683 பைட்டை விட்டுவிட்டால், எந்த பிளாக் படிக்கும்போதே கெட்டிருந்தது என்பது பிறகு யாருக்கும் தெரியாது. தயவுசெய்து விடாதீர்கள்.

மூன்றாவது ஃப்ளக்ஸ். கிரீஸ்வீசல், சூப்பர்கார்டு ப்ரோ, கிரையோஃப்ளக்ஸ் எல்லாம் இந்த வகைக் கருவிகள். செக்டரைப் பற்றிக் கவலைப்படாமல், காந்தப் புலம் எந்தெந்தக் கணத்தில் மாறியது என்பதையே பதிவு செய்கின்றன. டிஸ்க் சுழல்வது நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது ஒரு சுற்று 200 மில்லிநொடி. ஐந்து சுற்று எடுத்தால் டிராக்குக்கு (டிஸ்க்கில் உள்ள ஒரு வட்டப் பாதை) ஒரு நொடிதான், ஆனால் ஒரே செக்டருக்கு ஐந்து சாட்சி கிடைக்கிறது. ஒரு அமிகா டிஸ்க்கில் எனக்கு ஒரே டிராக்கில் ஒரு செக்டர் மட்டும் இரண்டு சுற்றில் சரியாகவும் மூன்றில் தப்பாகவும் வந்தது. டிரைவின் ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன், பஞ்சில் பழுப்பாக ஒரு கோடு. மறுபடி படித்தபோது ஐந்து சுற்றும் ஒத்துப்போயின. வெறும் செக்டர் நகல் எடுத்திருந்தால் அந்தத் தடுமாற்றம் என் கண்ணில் பட்டிருக்காது.

காப்புரிமைப் பூட்டுக்காக வேண்டுமென்றே வைத்த பிழையை அடையாளம் காணவும் இதுதான் உதவும். ஐந்து சுற்றிலும் பைட்டுகள் மாறாமல் செக்சம் மட்டும் பொருந்தவில்லை என்றால் யாரோ வைத்ததாக இருக்கலாம். சுற்றுக்குச் சுற்று மாறினால் சேதமாகவோ, அதற்கென்றே எழுதிய நிலையற்ற பிட்டாகவோ இருக்கும்.

ஆனால் பலர் சறுக்குகிற இடமும் இதுதான். ஃப்ளக்ஸை அப்படியே சேமித்தால் எந்தச் சோதனையும் நடப்பதில்லை. கோப்பு அழகாக உருவாகிவிடும், உள்ளே பாதி டிராக் குப்பையாகவும் இருக்கலாம். டிகோட் செய்தால்தான், அதாவது ஃப்ளக்ஸைச் செக்டர்களாக மாற்றினால்தான் தெரியும், அதற்குள் டிஸ்க் கைவிட்டுப் போயிருக்கும். கிரீஸ்வீசலில் ஃபார்மட் பெயரையும் கொடுத்து, கச்சா ஃப்ளக்ஸாகச் சேமிக்கவும் சொன்னால் இரண்டும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். நான் வேறு மாதிரி படிப்பதே இல்லை.

இரண்டு தடவை படித்து ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒப்பிட்டால் போதாதா என்று கேட்பார்கள். எக்ஸ்ஆர் செக்சம் உள்ள டிஸ்க்குகளுக்குக் கட்டாயம் செய்யுங்கள், ஆனால் இரண்டாவது தடவை வேறொரு டிரைவில். ஒரே டிரைவ் ஒரே தப்பை இரண்டு முறையும் செய்யலாம். ஃப்ளக்ஸ் கோப்புகளை மட்டும் இப்படி ஒப்பிடாதீர்கள், நேர அளவுகள் ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் மாறும், ஹாஷ் ஒருபோதும் ஒத்துவராது. டிகோட் செய்த செக்டர்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

பிசி டிஸ்க் மட்டும்தான் கையில் என்றால் முதல் வழியே போதும், காசைச் செலவழிக்க வேண்டாம். கமடோர், அமிகா என்றால் ஃப்ளக்ஸ்தான். எதுவானாலும் டிஸ்க் சுற்றும்போது கீச்சென்று சத்தம் வந்தால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள், பூச்சு உரிகிறது என்று அர்த்தம், அதற்கு மேல் ஓடவிடுகிற ஒவ்வொரு சுற்றும் தரவைச் சுரண்டிக்கொண்டேதான் போகும்.