அம்மம்மாவின் வேதாகமமும் மட்டக்களப்பில் ஒரு பைண்டிங் கடையும்

பழைய புத்தகம் கட்ட மட்டக்களப்பில் ஆள் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். டவுனுக்குள் ஒரு ஒழுங்கையில் இருக்கிற ஒற்றை அறைக் கடை அது, பெயர்ப்பலகை கிடையாது, பக்கத்து அச்சகங்களில் கேட்டால் காட்டுவார்கள். தனியாளாக வேலை செய்கிற ஒரு முஸ்லிம் நானா, வயது அறுபதுக்கு மேலே இருக்கும்.

நான் கொண்டுபோனது அம்மம்மாவின் வேதாகமம். 2004 சுனாமியில் கல்லடியில் எங்கள் வீட்டோடு சேர்ந்து நனைந்து, அவ பாயில் போட்டுப் பல நாள் வெயிலில் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காயவைத்தது. காய்ந்தாலும் ஊதிப்போய், முதுகு விட்டு, ஆதியாகமம் ஒரு கட்டாகவும் சங்கீதம் இன்னொரு கட்டாகவும் கழன்றிருந்தது. ஜனவரியில் நுவரெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டப் பிள்ளைகள் நடுவே ஒரு வருட ஊழியத்துக்குப் போக இருந்தேன். இரண்டு வருடம் அதற்காகவே சனிக்கிழமை வகுப்பு, முதலுதவிப் பயிற்சி என்று ஓடினவள் நான். போகும்போது அந்தப் புத்தகத்தைத்தான் கையில் கொண்டுபோக வேண்டும் என்று ஆசை. ஒக்டோபர் கடைசியில் கொடுத்தேன், பத்து நாளில் தருவதாகச் சொன்னார்.

வேலை எப்படி என்று கேட்டால், இவ்வளவு பொறுமையாக ஒருவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. பழைய பசையை ஈரத்துணி வைத்து இளக்கி, கத்தி முனையால் சுரண்டி எடுத்தார். கிழிந்த தாள்களுக்கு மெல்லிய தாள் ஒட்டினார், ஒவ்வொரு கட்டையும் நாடாவில் நூலால் தைத்தார். கோதுமை மாப் பசை அவரே காய்ச்சுகிறார், பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் போடுவாராம். முதுகுப்பக்கத்தைப் பிரித்தபோது உள்ளேயிருந்து கடல் மணல் உதிர்ந்தது. அதைத் தட்டிவிடாமல் ஒரு சின்னக் கடுதாசியில் மடித்து, "இது உங்கட வீட்டு மண் மகள், வெச்சிருங்க" என்று தந்தார். வேதப் புத்தகம் என்பதால் ஒரு தரம்கூட அதைத் தரையில் வைக்கவில்லை.

குறை என்றால் தாமதம். பத்து நாள் ஐந்து கிழமை ஆனது. நவம்பர் மழை விடாமல் பிடித்துக்கொண்டது, நான் போகிற நேரமெல்லாம் புத்தகம் அழுத்துப் பலகைக்குள் இருந்தது. மூன்றாம் தரம் போனபோது கொஞ்சம் கத்தியே விட்டேன். "மழைக்குப் பசை காயாது மகள். கெதியாத் தந்தா ரெண்டு மாசத்தில திரும்பக் கொண்டு வருவீங்க" என்றார், அவ்வளவுதான்.

உண்மையில் அன்று எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை. அதற்கு இரண்டு நாள் முன்புதான் மருத்துவ அறிக்கை வந்திருந்தது: காசநோய், ஆறு மாத மருந்து. அனுப்புகிறவர்கள் இந்த வருடம் முடியாது என்று கடிதம் தந்துவிட்டார்கள். அன்றிரவு ஜெபிக்க உட்கார்ந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. "எல்லாம் நன்மைக்குத்தான்" என்று சபையில் ஆளாளுக்குச் சொன்னார்கள், அது ஆறுதலாக இல்லை, வலித்தது. யாராவது இப்படி ஏமாந்து வந்து நின்றால் அந்த வசனத்தை உடனே நீட்டாதீர்கள், பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.

மார்பு நோய் கிளினிக்கில் மாத்திரை இலவசம், தினமும் போய் அவர்களுக்கு முன்னாலேயே விழுங்க வேண்டும், சிறுநீர்கூடச் செம்மஞ்சளாகப் போகும். வரும் வழியில் காந்திப் பூங்காவில், இங்கிலாந்திலிருந்து வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட்டின் சிலை நிற்கிறது. சின்ன வயதிலிருந்து பார்க்கிற சிலைதான், அன்றுதான் நின்று பார்த்தேன். மனைவியோடு கப்பல் ஏறினவர், மனைவி வழியிலேயே இறந்தார். அந்த மிஷனரிக் கூட்டத்துக்குத் தலைவராக வந்த தோமஸ் கோக்கும் 1814 மே மாதம் கடலிலேயே இறந்துபோனார். ஓல்ட் அந்த வருடமே மட்டக்களப்புக்கு வந்து, பள்ளிக்கூடம் தொடங்கி, எட்டு மாதமளவு வேலை செய்து, 1815 ஏப்ரலில் இங்கேயே இறந்தார். அந்த மனுஷன் எதைத் திட்டம்போட்டுப் புறப்பட்டிருப்பார், கிடைத்தது எது!

அப்புறம் ஒருநாள் கிளினிக் வாங்கில் இருக்கும்போது தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயன் அறைகள் ஞாபகம் வந்தன. ஒரே அறையில் தாய், தகப்பன், பிள்ளைகள், குளிருக்குக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். அங்கே போய் அந்தப் பிள்ளைகளை மடியில் வைத்துக் கதை சொல்லி இருமியிருப்பேனே. எனக்கு இல்லை என்று சொன்ன அந்தக் கடிதம் அவர்களுக்குக் காவலாக வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. அன்று வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்று அழுதுகொண்டே நன்றி சொன்னேன். ஏமாற்றம் அன்றோடு போய்விடவில்லை. ஜனவரி முதல் கிழமை மறுபடி வந்தது, அன்றும் மாத்திரையைப் போட்டுவிட்டு ஜெபித்தேன்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். கறுப்பு ரெக்சின் அட்டை, மேசையில் வைத்தால் எந்தப் பக்கத்திலும் விரிந்து கிடக்கிறது, ஒரு தாள்கூட இழுபடவில்லை. 3,500 ரூபாய் எடுத்தார், இந்த வேலைக்கு அது குறைவு. ஒரே ஒரு மனவருத்தம்: மேல் ஓரத்தைச் சமப்படுத்த வெட்டியதில் அம்மம்மா பென்சிலால் எழுதிவைத்த குறிப்புகள் சிலவற்றின் மேல்வரி போய்விட்டது. சங்கீதப் பக்கங்களில் அவவுடைய எழுத்தின் அடிப்பாதி மட்டும் தெரிகிறது. சொன்னபோது நானா முகம் வாடி, காசில் ஐந்நூறைத் திருப்பி நீட்டினார், நான் வாங்கவில்லை. நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். எழுத்து இருக்கிற புத்தகம் கொடுத்தால், ஓரம் வெட்ட வேண்டாம் என்று வாயால் சொல்லி, ஒரு துண்டிலும் எழுதிக் கொடுங்கள். காசு மட்டும்தான் எடுப்பார், வெள்ளிக்கிழமை மதியம் கடை பூட்டியிருக்கும், மழைக்காலத்தில் அவசர வேலையோடு போக வேண்டாம்.

எனக்கு மே மாதம் மருந்து முடிந்து மறுபடி எக்ஸ்ரே. அதற்கு முன் அம்மாவின் கீர்த்தனைப் புத்தகத்தையும் கொடுக்கப்போகிறேன், வெயில் காலம், பசை கெதியாகக் காயும்.