செம்பவாங் வீட்டில் கிடந்த இரும்பு: யார் யாருக்குக் காசு கொடுப்பது?

வெளிநாட்டில் இருந்துகொண்டு, சிங்கப்பூரில் பெற்றோரின் வீட்டைக் காலி செய்ய வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். துணிமணி, புத்தகம், சோபா எல்லாம் எப்படியாவது போய்விடும். கனமான இரும்புதான் உயிரை எடுக்கும்.

பெர்த்திலிருந்து நான் வந்ததே அம்மாவைப் பொங்கோலில் உள்ள அக்கா வீட்டுக்கு மாற்றிவிட்டு, செம்பவாங் பக்கம் இருக்கும் எங்கள் பழைய தரைவீட்டை விற்பனைக்குத் தயார் செய்வதற்குத்தான். பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் பட்டறை 1968ல் செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது இல்லையா, அங்கே அப்பா பல வருடம் ஃபிட்டராக இருந்தார். ஓய்வுக்குப் பிறகும் கை சும்மா இருக்காது. பின்கட்டில் ஒரு முழு லேத் மிஷின், பட்டடைக் கல், இரண்டு ஐ பீம், துண்டு துண்டாக எஃகுத் தகடு, பழைய கேட், மோட்டார்கள், பித்தளை வால்வுகள், ஒரு கம்ப்ரசர். அவர் போனபின் யாரும் தொடவில்லை. மழைத் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு வந்துவிடுமோ என்று அம்மா தினமும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி வந்தவர் ஒரு காராங் கூனி அங்கிள், அதாவது வீடு வீடாக வந்து பழைய பொருள் வாங்குகிறவர். பழைய பேப்பர், ஃபேன், சின்னச் சின்ன மோட்டார் எல்லாம் எடுத்துக்கொள்வேன் என்றார், லேத்தைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவரிடம் இருப்பது ஒரு சின்ன வேனும் தள்ளுவண்டியும்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு நகர மன்றத்தின் பெரிய பொருள் அகற்றும் சேவை உண்டு, ஆனால் அது மெத்தை, அலமாரிக்குச் சரி. தரைவீட்டுப் பின்கட்டில் நிற்கும் மிஷினுக்கு அது உதவாது.

அடுத்து, வீடு காலி செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டோம். பெயர் வேண்டாம். வந்த ஆள் கைப்பேசியில் நாலு படம் எடுத்தார், எதையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் அகற்ற இவ்வளவு என்று நாலு இலக்கத்தில் ஒரு தொகை சொன்னார். இரும்புக்கு விலை கழிப்பீர்களா என்றேன். “இது குப்பை, நீங்கதான் கொடுக்கணும்” என்றார். எடைச் சீட்டு தருவீர்களா என்றதற்கு, அதெல்லாம் வழக்கமில்லையாம்.

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். சிங்கப்பூரில் இரும்பு குப்பையே இல்லை. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்கில் இரும்பின் மறுசுழற்சி விகிதம் பல ஆண்டுகளாகவே 99 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கிறது. அதாவது, குப்பை என்று சொல்லி உங்களிடம் காசு வாங்கிக்கொண்டு ஏற்றிப் போகிறவர் அதைக் கொட்டப் போவதில்லை, விற்கத்தான் போகிறார். தூக்குகிற கூலி நியாயமானது, அதைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் கூலி தனி, இரும்பின் விலை தனி. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து ஒரே தொகை சொன்னால், தனியாக இருக்கும் வயதானவர்கள் பொருளையும் கொடுத்து மேலே பணத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். அம்மா மட்டும் தனியாக இருந்திருந்தால் அன்றைக்கே தலையாட்டியிருப்பார்.

அதனால் யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் நாமே எடையைக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், 10 மில்லிமீட்டர் தடிமன் உள்ள எஃகுத் தகடு 78.5 கிலோ. எங்களிடம் இருந்த 250க்கு 125 மில்லிமீட்டர் ஐ பீம் மீட்டருக்கு 29.6 கிலோ, ஆக நாலு மீட்டர் பீம் ஒன்றே கிட்டத்தட்ட 118 கிலோ. லேத்தின் எடை, மாடல் எண்ணை வைத்துத் தேடினால் கிடைத்துவிடும், எங்களுடையது ஒரு டன்னுக்கு மேல். இந்தக் கணக்கு ஒரு தாளில் கையில் இருந்தாலே பேச வருகிறவரின் தொனி மாறிவிடுகிறது.

அப்புறம் பிரித்து வைப்பது. அத்தானும் நானும் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒட்டினால் இரும்பு. ஒட்டாதது பித்தளை, செம்பு, அலுமினியம், பெரும்பாலான எவர்சில்வர். செம்பின் விலை இரும்பைப் போலப் பல மடங்கு, பித்தளையும் அப்படித்தான், இரும்போடு சேர்த்துக் கொடுத்தால் அதுவும் இரும்பு விலைக்கே போய்விடும். பித்தளை வால்வுகள் கிரீஸும் தூசியும் படிந்து கறுப்பாக இருந்தன, அரத்தால் ஒரு இழுப்பு இழுத்ததும் மஞ்சள் தெரிந்தது. மோட்டாரைத் தனியாகக் கழற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உருக்கும்போது இரும்பில் கலந்த செம்பை வெளியே எடுக்க முடியாது, அது கலந்த எஃகு உருட்டும்போது வெடிப்பு விடும். அதனால்தான் செம்புச் சுருள் உள்ள மோட்டாரோடு வரும் இரும்புக்குக் கடையில் விலை குறைக்கிறார்கள்.

கடைசியில் அமைந்தவர்கள் சுங்கை காடுட் பக்கம் பழைய இரும்பு யார்டு வைத்திருக்கும் ஒரு சின்ன நிறுவனம். பொதுக் கழிவு சேகரிப்பு உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேட்டேன். உரிமம் பெற்றவர்களின் பட்டியலைச் சுற்றுப்புற வாரியமே வெளியிடுகிறது, பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். முதலாளி நேரில் வந்து, லாரி கிரேனுக்கும் ஆட்களுக்கும் கூலி இவ்வளவு, இரும்பு கிலோவுக்கு இவ்வளவு, செம்பு, பித்தளைக்கு இவ்வளவு என்று தனித்தனியாக வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினார். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

லேத்தை வெளியே கொண்டுவந்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வந்த குழுவுக்கு மேற்பார்வையாளர் புதுக்கோட்டைக்காரர், கூட இரண்டு பங்களாதேஷ் ஊழியர்கள். லேத்தைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, “அண்ணே, இது தலைப்பக்கம்தான் கனம், நடுவுல பெல்ட் போட்டா கவுந்துரும்” என்றார். முதலில் கியர்பாக்ஸ் எண்ணெயை ஒரு டின்னில் வடித்தார்கள், ஒரு சொட்டைக்கூடச் சாக்கடையில் விடவில்லை. மோட்டாரையும் லேத்தின் மறுமுனையில் இருக்கும் டெயில்ஸ்டாக்கையும் கழற்றினார்கள். கடப்பாரையால் ஒரு முனையை விரல் அளவு நெம்பி அடியில் இரும்புப் பைப்பைச் செருகி, தரை ஓட்டின் மேல் பிளைவுட் விரித்து, பின்னால் வெளியேறும் பைப்பை எடுத்து முன்னால் வைத்து வைத்து, அங்குலம் அங்குலமாகத் தள்ளினார்கள். யாரும் யாரையும் அதட்டவில்லை. ஒருவர் கை உள்ளே இருக்கும்போது மற்றவர்கள் அசைவதே இல்லை.

வாசலில் இன்னொரு சிக்கல். கிரேனின் கால்கள் ஊன்றும் இடத்தில், எல்லாத் தரைவீட்டு வரிசையிலும் இருக்கிற மாதிரி, சாக்கடை மூடி. ஓட்டுநர் அதன்மேல் ஊன்ற மறுத்துவிட்டார், ஒரு டன் மிஷினைத் தூக்கும்போது மூடி நொறுங்கினால் வண்டியே சாயும். எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டு அவர் காரை நகர்த்தச் சொல்லி, வண்டியை மாற்றி நிறுத்தித்தான் தூக்கினார்கள். தூக்குவதற்கான திட்டத்தாள், மேற்பார்வையாளர், கட்டுகிறவர், சைகை காட்டுகிறவர் எல்லாம் இங்கே சட்டப்படி வேண்டும். 2011ல் வந்த கிரேன் விதிமுறைகள் அதைத்தான் சொல்கின்றன. மலிவாக முடித்துத் தருகிறேன் என்கிறவர்கள் முதலில் வெட்டுவது இந்தச் செலவைத்தான். நசுங்குவது அந்தத் தம்பிகளின் கையும் காலும். அடிமாட்டுக் கூலிக்கு ஆள் பிடிப்பதை நம் வீட்டு வாசலில் நாம் அனுமதிக்கவே கூடாது.

எடை போடும்போது லாரியோடு நானும் போனேன், முடிந்தால் நீங்களும் போங்கள். எடைமேடையில் சரக்கோடு ஒரு எடை, இறக்கியபின் வெறும் லாரி ஒரு எடை, வித்தியாசம்தான் நம்முடையது. பித்தளையும் செம்பும் உள்ளே சின்னத் தராசில் தனியாக. இரும்பு மொத்தம் இரண்டு டன்னைத் தாண்டியது, என் தாளில் போட்டிருந்த கணக்குக்குக் கிட்டத்தில்தான் வந்தது. கேட்டில் ஒட்டியிருந்த சிமெண்டுக்குக் கொஞ்சம் கழித்தார்கள், அது நியாயம். கூலி போக மீதி அங்கேயே அம்மாவின் வங்கிக் கணக்குக்குப் பேநவ் என்ற உடனடிப் பணமாற்றில் வந்துவிட்டது. பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த வீடு காலி செய்யும் நிறுவனத்து ஆள் கேட்டதை நினைத்தால் அம்மாவுக்கு எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்.

இதெல்லாம் எங்கே போகும் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். கொஞ்சம் கப்பல் ஏறும், கொஞ்சம் ஜூரோங்குக்கு என்றார். 1963ல் உற்பத்தியைத் தொடங்கிய நாட்ஸ்டீல் ஆலை, அன்றைய தேசிய இரும்பு எஃகு ஆலை, இன்றைக்கும் அங்கே பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கிக் கட்டடக் கம்பி செய்கிறது. ஒரு டன் பழைய இரும்பை உருக்கிப் பயன்படுத்தினால் சுமார் 1.4 டன் இரும்புத் தாது மிச்சம் என்று உலக எஃகுச் சங்கம் கணக்குச் சொல்கிறது. அப்பாவுக்கு இந்தக் கணக்கு பிடித்திருக்கும்.

யார்டில் எடுக்க மறுத்தவை இரண்டு. பின்கட்டு மூலையில் கிடந்த அசிட்டிலின் சிலிண்டர் ஒன்று, கம்ப்ரசரின் காற்றுத் தொட்டி ஒன்று. மூடிய கலன் எதையும் அப்படியே வாங்க மாட்டார்கள், வெட்டும்போதோ உருக்கும்போதோ வெடிக்கும். தொட்டியின் வடிகுழாயைத் திறந்து காற்றை வெளியேற்றி, வால்வைக் கழற்றி, உள்ளே காலி என்று கண்ணால் பார்த்தபின் ஏற்றுக்கொண்டார்கள். சிலிண்டர் கதை வேறு, அது நம் சொத்தே இல்லை, எரிவாயு நிறுவனத்தினுடையது. கழுத்தில் குத்தியிருந்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பினேன், அவர்களே ஆள் அனுப்பி நிமிர்த்தி நிற்க வைத்த வாக்கில் கட்டி எடுத்துப் போனார்கள், காசு எதுவும் கேட்கவில்லை.