கிராம்பு வாசமா, கருவாட்டு வாசமா? பழ ஈக்கு இரண்டு பொறியும் கட்டிப் பார்த்த கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கிராம்பு வாசத்தின் கட்சி. அதாவது மீதைல் யூஜினால் என்ற வாசனைச் சரக்கில் ஊறவைத்த பலகைத் துண்டை டப்பாவுக்குள் தொங்கவிடும் இனக்கவர்ச்சிப் பொறி. எதிர்க்கட்சி, நம் ஊர்க்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த கருவாட்டுப் பொறி. தென்காசி மாவட்டம் கடையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் எனக்கு 2 ஏக்கர் மா இருக்கிறது. பாதி பங்கனபள்ளியும் செந்தூரமும், பாதி நீலம். ஒட்டினாற்போல் 20 சென்ட்டில் பாகல் பந்தல். மூன்று வருஷமாக இரண்டு பொறியையும் மாற்றி மாற்றிக் கட்டியதில் கிடைத்த அனுபவம்தான் கீழே இருப்பது.

இந்தப் புத்தி வந்தது ஒரு கமிஷன் கடை வாசலில். ஆனி மாசம், நீலம் 40 பெட்டி இறக்கியிருந்தேன். கடைக்காரர் மேலே இருந்த பழத்தைத் தொடவே இல்லை. பெட்டியின் நடுவில் கையை விட்டு ஒன்றை உருவினார், காம்புப் பக்கம் கட்டைவிரலால் அழுத்தினார். ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, அதிலிருந்து சாறு பொட்டாகக் கசிந்தது. கத்தியால் கீறினார். உள்ளே சதை கஞ்சி. வெள்ளைப் புழு ஒன்று உடம்பை வளையமாகச் சுருட்டி, விசுக்கென்று துள்ளி அவருடைய கணக்கு நோட்டின் மேல் விழுந்தது. "அண்ணாச்சி, இத வச்சி ஊறுகாகூடப் போட முடியாதே" என்றார். அன்றைக்கு வந்தது பாதி விலை. வண்டி வாடகை போக மிச்சத்தைச் சொன்னால் எனக்கே வெட்கம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கொட்டைக்குள் கறுப்பு வண்டு இருந்தால் அது வேறு பூச்சி. அதற்கு இந்த இரண்டு பொறியும் உதவாது. சதைக்குள் கால் இல்லாத வெள்ளைப் புழு துள்ளினால் மட்டும் மேலே படியுங்கள்.

பழ ஈயைப் பார்க்க வேண்டுமென்றால் வெயில் தாழும் நேரத்தில் மரத்தடியில் நில்லுங்கள். வீட்டு ஈ அளவுதான் இருக்கும், ஆனால் சின்னக் குளவி மாதிரி மஞ்சள் பட்டை போட்டிருக்கும். பெண் ஈ பழத்தின் மேல் பின்வாக்கில் நகர்ந்து, வால் ஊசியைத் தோலுக்குள் இறக்கி முட்டை வைக்கும். ஒன்றிரண்டு நாளில் முட்டை பொரிந்து, புழு ஒரு வாரம் போலச் சதையைத் தின்னும். பழம் உதிர்ந்ததும் வெளியே வந்து, மண்ணில் ஓரிரு விரற்கடை ஆழத்தில் கூட்டுப்புழு ஆகும். பத்து நாள் முன்னே பின்னே ஈயாக ஏறி வரும். ஒரு பெண் ஈ தன் ஆயுசில் ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும். பங்கனபள்ளி தப்பித்து நீலம் மாட்டிக்கொள்வதற்குக் காரணம் இதுதான். சித்திரையில் பழுக்கிற மரத்தில் வளர்ந்த ஈதான் ஆனியில் பெருகி வந்து நீலத்தில் குத்துகிறது. அந்த நேரம் பார்த்துக் குற்றாலத்துச் சாரல் இந்தப் பக்கமும் அடித்து மண்ணைப் பதமாக்கி வைக்கும். நமக்குச் சுகமான காற்று, கூட்டுப்புழுவுக்கும் சுகமான மண்.

ஒரு வேடிக்கை. நமக்கு இது வீட்டுத் திருடன், மற்ற நாடுகளுக்குப் படையெடுத்து வந்த எதிரி. 2003-ல் கென்யாவில் தென்பட்டது. புது இனம் என்று நினைத்து 2005-ல் 'இன்வேடன்ஸ்', அதாவது ஆக்கிரமிப்பாளன் என்றே பெயர் வைத்தார்கள். ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியது. 2015-ல்தான் ஆய்வாளர்கள் அதுவும் ஆசியாவின் பழைய 'டார்சாலிஸ்' ஈயும் ஒன்றே என்று முடித்துவைத்தார்கள். நம் தோட்டத்து ஈ அங்கே போய்ப் பேர் மாற்றி வாழ்ந்திருக்கிறது. 2014 மே மாசம் ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழத்தையும் பாகல், புடலையையும் நிறுத்தி வைத்ததும் இந்தக் குடும்பத்து ஈக்களுக்குப் பயந்துதான். மாம்பழத் தடை 2015 ஜனவரியில் விலகியது.

மற்ற வழிகளைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். மரம் முழுக்க மருந்தடிப்பது வீண். முட்டை தோலுக்குள், புழு சதைக்குள், கூட்டுப்புழு மண்ணுக்குள் இருக்கும்போது இலைமேல் பட்ட மருந்து என்ன செய்யும்? பழுக்கிற காலத்தில் அடித்துவிட்டு அந்தப் பழத்தை யாருக்குக் கொடுப்பது? வெல்லக் கரைசலில் மருந்து கலந்து அங்கங்கே தெளிக்கிற முறை நல்லதுதான், ஆனால் ஒரு சாரல் அடித்தால் மறுபடி தெளிக்க வேண்டும். உறை மாட்டுவது எல்லாவற்றையும்விட உத்தமம். வீட்டுக் கொல்லையில் இரண்டு கொய்யாவுக்குப் பிஞ்சிலேயே மாட்டினேன், ஒரு பழத்தில்கூடக் குத்து இல்லை. முப்பதடி நீலத்தில் ஏறி யார் மாட்டுவது?

ஆக, மிச்சம் இரண்டு.

கருவாட்டுப் பொறிக்குப் பின்னால் இருக்கிற நியாயம் பெரியது. மண்ணிலிருந்து ஏறி வந்த பெண் ஈக்கு உடனே முட்டை இருக்காது. முட்டை முதிரப் புரதம் வேண்டும். காட்டில் பறவை எச்சம், அசுவினிப் பூச்சி கசியவிடும் தேன் என்று தேடி அலையும். அந்தப் பசியைத்தான் கருவாட்டு நாற்றம் பிடிக்கிறது. வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொன்ன முறை எளிது: ஒரு பாலித்தீன் பையில் ஆறு சின்னத் துளை, உள்ளே ஈரப்படுத்திய கருவாட்டுத் தூள் 5 கிராம், பஞ்சில் 1 மில்லி டைக்குளோர்வாஸ் பூச்சிமருந்து, ஏக்கருக்கு 20 பை. பெண்ணும் விழும், ஆணும் விழும். முட்டையிடுகிற பெண்ணையே பிடிக்கிற பொறிதானே சரியான பொறி? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நினைப்பைக் கெடுத்தது பராமரிப்பு. கருவாட்டை 20 நாளுக்கு ஒருதரம் மாற்ற வேண்டும், மருந்துப் பஞ்சை வாரத்துக்கு ஒருதரம். 2 ஏக்கருக்கு 40 பை. பங்குனி முதல் ஆனி வரை நான்கு மாசம் என்றால் ஏறக்குறைய 17 வாரம், கிட்டத்தட்ட 700 தடவை ஒவ்வொரு பையாக அவிழ்த்துக் கட்ட வேண்டும். முதல் மாசம் ஆர்வத்தில் செய்தேன். இரண்டாம் மாசம் ஒரு கல்யாணம், ஒரு கோயில் கொடை என்று இரண்டு வாரம் தவறியது. பஞ்சு காய்ந்த பையில் ஈ வந்து சாப்பிட்டுவிட்டுச் சுகமாகப் போனது. இதற்கிடையில் எறும்பு கருவாட்டைப் பொடிப்பொடியாகக் கொண்டுபோனது, பூனை பையையே கிழித்தது, காக்காய் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. கை நாற்றம் போகாமல் வீட்டில் வாங்கிய பேச்சைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதோடு டைக்குளோர்வாஸ், நாம் நுவான் என்று கேட்டு வாங்குவோமே அது, 2020 கடைசியோடு இந்தியாவில் தடை. யாராவது பழைய பாட்டில் இருக்கிறது என்று கொடுத்தாலும் வாங்காதீர்கள். நான் அப்புறம் பிளாஸ்டிக் பாட்டிலில் துளை போட்டுக் கருவாட்டோடு சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். ஈ விழுந்தது, ஆனால் வெயிலில் நாலு நாளில் தண்ணீர் வற்றியது. வாரம் ஒருதரம் என்பது வாரம் இருதரம் ஆனதுதான் மிச்சம்.

இனி நம் கட்சி. மீதைல் யூஜினாலின் கதையே நம் நாட்டில் தொடங்கியதுதான். பீகாரின் பூசாவில் இருந்த ஹௌலட் என்ற பூச்சியியலாளர் சிட்ரோனெல்லா எண்ணெய்க்கு இந்த ஈக்கள் மொய்ப்பதை 1912-ல் எழுதினார். பிறகு 1915-ல் இழுக்கிற சரக்கு மீதைல் யூஜினால் என்று கண்டுபிடித்தார். நம் துளசியிலும் அது உண்டு. துளசியைக் கசக்கித் தண்ணீரில் போட்டு வைக்கும் பொறியையும் ஒரு பருவம் பார்த்தேன். நாலு ஈ விழும், மறுநாள் வாசம் போய்விடும். கடைச் சரக்கின் பக்கத்தில் நிற்காது.

இந்த வாசத்துக்கு வருவது ஆண் ஈ மட்டும். ஆனால் வருகிற வேகம் இருக்கிறதே, முதல் டப்பாவை மாட்டிவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டு உள்ளே போய்விட்டன. ஏக்கருக்கு 10, ஆக 20 டப்பா. ஆளுயரத்தில், கிளை நிழலில். பலகைத் துண்டு இரண்டு மாசம் தாங்கும். மாசியில் ஒருதரம், சித்திரையில் ஒருதரம் மாற்றினால் நீலம் இறங்கும் வரை ஓடிவிடும். 700 தடவை எங்கே, 40 தடவை எங்கே? என் தோட்டத்தில் ஆள் நான் ஒருவன்தான். செய்ய முடிகிற சுமாரான முறை, செய்ய முடியாத உத்தமமான முறையைவிட எனக்குப் பிழைப்பு.

ஆனால் 'இரண்டு மாசம் தாங்கும்' என்பதை நம்பித் தூங்கிவிடக் கூடாது. நான் அடிபட்ட இடம் இதுதான். பலகையில் வாசம், விஷம் இரண்டும் சேர்ந்தே ஊறியிருக்கிறது. நம் சித்திரை வெயிலில் விஷம் முந்திப் போய்விடும், வாசம் நிற்கும். அப்போது ஆண் ஈ வந்து நக்கிவிட்டு உயிரோடு வெளியே போகும். மீதைல் யூஜினால் சாப்பிட்ட ஆணைப் பெண் ஈ இன்னும் விரும்பி ஏற்கும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அதாவது காசு கொடுத்து மாப்பிள்ளைக்குச் செண்ட் அடித்து அனுப்புகிறோம்! அதனால் வாரம் ஒருநாள் டப்பாவின் கீழே நின்று ஐந்து நிமிஷம் பார்ப்பேன். உள்ளே போனது கிறுகிறுத்து விழுகிறதா, இல்லை திரும்பி வருகிறதா? திரும்பி வந்தால் நாள் கணக்குப் பார்க்காமல் துண்டை மாற்றிவிடுவேன். தொங்கவிடும் கம்பியில் கிரீஸ் தடவுங்கள். இல்லாவிட்டால் எறும்பு செத்த ஈயைத் தூக்கிப் போய்விடும், டப்பா காலியாக இருப்பதைப் பார்த்து ஈயே இல்லை என்று நினைப்போம். பலகையைத் தொட்ட கையால் டப்பாவின் வெளிப்புறத்தைத் தொடாதீர்கள், ஈ வெளியிலேயே உட்கார்ந்துகொள்ளும். முசுறு, அதாவது இலையைத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு, இருக்கிற மரத்தில் அதை மட்டும் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுங்கள். கடிக்கும்தான், ஆனால் முசுறு நடமாடும் பழத்தில் ஈ நிம்மதியாக உட்கார்ந்து குத்தாது.

டப்பா நிறைய ஈ இருந்தால் ஜெயித்துவிட்டதாக அர்த்தமும் இல்லை. ஓர் ஆண் ஈ பல பெண்ணோடு சேரும். நூறில் தொண்ணூறு செத்தாலும் மிச்சப் பத்து போதும். 1960-களில் பசிபிக் கடலில் ரோட்டா என்ற தீவில் இந்த வாசத்தையும் விஷத்தையும் அட்டைத் துண்டுகளில் ஏற்றி விமானத்திலிருந்து போட்டே ஈயை அடியோடு ஒழித்தார்கள். சுற்றிலும் கடல், பக்கத்துத் தோட்டம் இல்லை. எனக்கோ மூன்று பக்கமும் தோப்பு, இரண்டு குத்தகைக்கு விட்டது. பூவில் குத்தகை பிடித்தவர் காய் இறக்கியதும் போய்விடுவார். உதிர்ந்ததைப் பொறுக்கிப் புதைக்க அவருக்கு என்ன தலையெழுத்து? அங்கே ஏற்கெனவே ஆணோடு சேர்ந்த பெண் ஈ வேலி தாண்டி வந்து என் நீலத்தில் குத்தும். என் டப்பா அதைத் தொடாது. முதல் வருஷம் டப்பாவை எட்டிப் பார்த்த பக்கத்துத் தோப்பு அண்ணாச்சி கேட்டார்: "இம்புட்டு ஈயப் புடிச்சி வச்சிருக்கீரு, பொறவு எப்படிவே பழத்துல புழு?" பதில் அவர் மரத்தடியிலேயே கிடந்தது, சொல்லத்தான் வாய் வரவில்லை. அடுத்த வருஷம் 10 டப்பா என் செலவில் அவர் தோப்பில் மாட்டினேன். என் பக்கம் குத்து குறைந்தது. டப்பாவாலா, அந்த வருஷம் சாரல் பிந்தியதாலா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரே தோட்டத்தில் பாதிக்கு அது, பாதிக்கு இது என்று நான் செய்த சோதனையும் அப்படித்தான். இனக்கவர்ச்சி வாசம் வரப்பைப் பார்த்து நிற்பதில்லையே.

உதிர்ந்த பழம் விஷயத்தில் நான் செய்த மடத்தனத்தையும் சொல்கிறேன். பொறுக்கி யூரியாச் சாக்கில் கட்டி மூலையில் வைத்தேன். மூன்றாம் நாள் தூக்கினால் சாக்குக்கு அடியில் புழு நெளிகிறது, இழை இடுக்கு வழியாக இறங்கி மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. நானே கூட்டிப் பெருக்கி ஒரே இடத்தில் பண்ணை வைத்த மாதிரி. இப்போது கனமான பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுகிறேன், இல்லாவிட்டால் இரண்டடிக் குழி. புதுசாக விழுந்ததை ஆட்டுக்குப் போடலாம்.

பாகல் பந்தலில் மட்டும் என் கட்சி கொஞ்சம் ஆடுகிறது. அங்கே குத்துவது வேறு ஈ. மீதைல் யூஜினாலுக்கு வராது, அதற்கு கியூலூர் என்ற வேறு வாசம் வேண்டும். கியூலூருக்கு வருகிற ஈயும், மா ஈ மீதைல் யூஜினாலுக்கு வருகிற வேகத்தில் வராது. அந்த ஈ பகலில் பந்தலில் தங்காமல் ஓரத்துச் சோளத்தட்டை, மக்காச்சோளம் என்று ஒதுங்கியிருந்து, முட்டையிட மட்டும் பிஞ்சுக்கு வருகிறது. இரண்டு பருவ அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். 20 சென்ட் என்றால் எட்டு பாட்டில், தினம் காய் பறிக்கப் போகிற இடம், தண்ணீர் ஊற்றுவது ஒரு வேலையே இல்லை. அதனால் பந்தலைச் சுற்றி ஓரத்தில் இரண்டு வரிசை மக்காச்சோளம் போட்டு, அதன் நடுவே கருவாட்டு பாட்டில் கட்டியிருக்கிறேன். கருவாடு தூத்துக்குடியிலிருந்து மச்சான் கொண்டுவருவது. போன தடவை நல்ல நெத்திலியாகக் கொடுத்துவிட்டார், அது ஈக்குப் போகவில்லை.

மாவுக்கு மாசி பிறந்ததும் 30 டப்பா. அண்ணாச்சி இந்த முறை தன் பத்துக்குக் காசு தருவதாகச் சொல்லியிருக்கிறார், இன்னும் தரவில்லை.